அச்சு முறுக்குக்கு நார்வேயில ஒரு அண்ணன்!

கஃபே வாசல்ல 'வாஃபிள்'னு போர்டு பார்த்தாலே நம்ம கை தானா பர்ஸைத் தடவும். மேல ஐஸ்க்ரீம், சாக்லேட் சாஸ், கலர் கலரா என்னென்னவோ தூவி, கடைசியில பில்லைப் பார்த்தா தலை சுத்தும். 'இதெல்லாம் பெரிய இடத்து அயிட்டம்ப்பா'னு நைஸா நகர்ந்து டீக்கடை பஜ்ஜிக்குப் போயிடுவோம்.

ஆனா மக்களே, நார்வேல போய் இதைச் சொன்னா சிரிச்சுடுவாங்க. அங்கே வாஃபிள், நம்ம வீட்டு ஆப்பம், பணியாரம் மாதிரி. திடீர்னு விருந்தாளி வந்தா சட்டுனு மாவைக் கரைச்சு ஊத்தி, சுடச்சுட தட்டுல வெச்சுடுவாங்க. அவ்வளவு சாதாரணம்!

"அது சரி, ராமேஸ்வரம் பக்கம் மீன் குழம்பு சாப்பிட்டுட்டு இருக்கிற எங்களுக்கும் நார்வேக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்!

மண்டபத்துக்கு வந்த நார்வே

1952-ம் வருஷம் அக்டோபர் மாசம் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூணும் சேர்ந்து ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அதுதான் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம். முதல்ல கேரளாவுல, கொல்லம் பக்கத்து நீண்டகரையில ஆரம்பிச்சாங்க. படகுக்கு இன்ஜின், மீனுக்கு ஐஸ், ஊருக்குத் தண்ணி, ஆஸ்பத்திரினு பல வேலை. 1960-களில் இந்தத் திட்டம் விரிஞ்சப்போ, புதுசாப் பிடிச்ச இடங்கள்ல ஒண்ணு நம்ம மண்டபம்! 1972-ல திட்டம் முடிஞ்சுபோச்சு. விசைப்படகால வந்த வருமானத்தையும் வம்பையும் பத்தி நம்ம ஊர் மீனவப் பெரியவங்ககிட்ட கேட்டா, விடிய விடிய கதை சொல்வாங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. யாழ்ப்பாணத்துல இருந்து 1956-ல நார்வே போய்ச் சேர்ந்தவர் அந்தோனி ராஜேந்திரம். அங்கே குடியேறின முதல் தமிழர்னு அவரைத்தான் சொல்றாங்க. ஊர் மீனவர்களுக்காக 'சீ-நோர்'ங்கிற அமைப்பைத் தொடங்கினவரும் அவர்தான். பின்னால நார்வே ஃபோக் ஹைஸ்கூல்கள்ல படிக்கப் போன யாழ்ப்பாணத்துப் பசங்க, அப்புறம் போருக்குத் தப்பிப் போன குடும்பங்கள்னு, அந்தக் குளிர் தேசத்துல பத்தாயிரத்துக்கும் மேல தமிழர்கள் ஆயிட்டாங்க. வடகோடி ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகள்ல வேலை பார்த்தவங்களும் அதுல நிறையப் பேர். நம்ம கடல் மனுஷங்க கைக்கு மீன்வாடை எங்கே போனாலும் விடாது போல!

படகு வந்துச்சு, இன்ஜின் வந்துச்சு. வாஃபிள் மட்டும்தான் வரலை. அதை நாமளே வரவழைச்சுடுவோம்.

இதய வடிவம், ஏலக்காய் வாசம்

கஃபேல நாம பார்க்கிறது பெரும்பாலும் பெல்ஜியம் ஸ்டைல். தடியா, கட்டம் கட்டமா, வெளியில மொறுமொறுனு இருக்கும். நார்வே வாஃபிள் வேற ஜாதி. மெல்லிசா, பூப்போல மெத்துனு இருக்கும். அதுக்கான இரும்பு வட்டமா, அஞ்சு இதயம் ஒட்டினாப்ல இருக்கும். வெந்ததும் பிய்ச்சா ஆளுக்கு ஒரு ஹார்ட்! லவ்வர்ஸ் ரொம்ப சந்தோஷப்படாதீங்க... அங்கே இதைப் பாட்டி, பேரன், பக்கத்து வீட்டு மாமா எல்லாரும்தான் பிச்சுப் பிச்சுத் திங்கிறாங்க.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் வாசனை. மாவுல அவங்க போடுறது நம்ம ஏலக்காய்! நார்வே குளிர்ல ஏலச்செடி வளராது. நமக்கோ, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கே பேர் போன ஊர். பாயசத்துல நாம போடுற அதே சரக்கைத்தான் அவங்க வாஃபிள்ல போடுறாங்க.

இன்னும் கேளுங்க. கிறிஸ்துமஸுக்கு நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு அச்சு முறுக்கு சுடுவாங்கல்ல? சூடான அச்சை மாவுல முக்கி, எண்ணெய்ல விட்டு உதறுவாங்களே, அதே பலகாரம் நார்வேலயும் கிறிஸ்துமஸுக்கு உண்டு. பேரு 'ரொசெட்'. கேரளாவுல இது அச்சப்பம், இலங்கையில கொக்கிஸ். 'கொக்கிஸ்'ங்கிற பேரே டச்சுக்காரங்க பாஷையில இருந்து வந்ததுதான். சூடான இரும்பு, கரைச்ச மாவு, இது ரெண்டும்தான் இந்தக் குடும்பத்தோட ஃபார்முலா. மாவுல அச்சை முக்கினா அச்சு முறுக்கு. அச்சுக்குள்ள மாவை ஊத்தினா வாஃபிள். அண்ணன் தம்பினு சொன்னது இப்பப் புரியுதா?

ஊத்தலாமா?

அஞ்சாறு வாஃபிளுக்குத் தேவையானது: மைதா 150 கிராம், முட்டை 2, பால் 250 மி.லி., சர்க்கரை 50 கிராம், உருக்கின வெண்ணெய் 60 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஏலக்காய்த் தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

முட்டையையும் சர்க்கரையையும் நுரை வர அடிங்க. பாதிப் பாலை ஊத்தி, மைதா, பேக்கிங் பவுடர், ஏலக்காய், உப்பு போட்டுக் கட்டி இல்லாமக் கலக்குங்க. மிச்சப் பால், கடைசியா வெண்ணெய். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வா இருக்கணும். ஏலக்காயை அப்பவே தட்டிப் போட்டா வாசம் தெருமுனை வரைக்கும் போகும்.

இப்பத்தான் முக்கியமான கட்டம். மாவை அரை மணி நேரம் மூடி வெச்சுட்டு வேற வேலையைப் பாருங்க. மைதா பாலைக் குடிச்சு ஊறினாத்தான் வாஃபிள் கிழியாம வரும். வெண்ணெய்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. இரும்புல ஒட்டாம எடுக்கிறதே அதுதான். பாதிப் பாலுக்குப் பதில் கெட்டித் தயிர் சேர்த்தா இன்னும் மெத்துனு வரும். நார்வேலயும் புளிச்ச பால், புளிச்ச க்ரீம் சேர்க்கிற வழக்கம் உண்டு.

இரும்பு நல்லாக் காய்ஞ்சதும் ஒரு கரண்டி ஊத்தி மூடுங்க. ஓரத்துல ஆவி பொங்கி வரும். அவசரப்பட்டுத் திறந்தீங்கன்னா வாஃபிள் ரெண்டா பிளந்துக்கும். ஆவி அடங்கினதும் திறந்தா, பொன்னிறத்துல சிரிக்கும்.

மெஷின் இல்லையா? நோ ப்ராப்ளம்!

வீட்டுல கேஸ் அடுப்புல வெச்சுத் திருப்புற சாண்ட்விச் டோஸ்டர் இருக்கா? அதுபோதும். ரெண்டு பக்கமும் வெண்ணெய் தடவி, சூடாக்கி, முக்கால் அளவுக்கு மாவு ஊத்தி மூடி, சின்னத் தீயில திருப்பித் திருப்பி வேகவிடுங்க. இதயம் வராது, முக்கோணம் வரும். ருசியில வித்தியாசம் கம்மி. கரண்ட் வர்றதுக்கு முன்னாடி நார்வேக்காரங்களும் வார்ப்பிரும்பை அடுப்புல வெச்சுத் திருப்பித்தான் சுட்டாங்க.

அதுவும் இல்லையா? தோசைக்கல்! மேற்கு நார்வே ஃபெர்ரிகள்ல 'ஸ்வேல'னு ஒண்ணு விக்கிறாங்க. தடிமனான இனிப்பு தோசைனு வெச்சுக்குங்களேன். கல்லுல சுட்டு, வெண்ணெய் சர்க்கரை தடவி, பாதியா மடிச்சுக் கையில கொடுப்பாங்க. இதே மாவுல இன்னும் ரெண்டு ஸ்பூன் மைதா, ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்த்தா கிட்டத்தட்ட அந்த ருசி வந்துடும்.

(ஹாஸ்டல் மக்களே, ரூம்ல கரண்ட் மெஷினை மாட்டி வார்டன்கிட்ட மாட்டிக்காதீங்க. லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ செய்ங்க!)

மேல என்ன தடவுறது?

அங்கே ஸ்ட்ராபெர்ரி ஜாமும் புளிச்ச க்ரீமும் ஒரு கட்சி. 'ப்ரூனோஸ்ட்'ங்கிற பழுப்பு சீஸ் இன்னொரு கட்சி. பால் திரிஞ்சா பிரியுற தண்ணி இருக்கே, அதோட பால், க்ரீம் சேர்த்து மணிக்கணக்காக் காய்ச்சுவாங்க. பால்ல இருக்கிற சர்க்கரை கருகி, பழுப்பா, கேரமல் மாதிரி ஆயிடும். நம்ம பால்கோவாவுக்கு உப்பு போட்ட சொந்தக்காரன்னு சொல்லலாம்.

அது கிடைக்கலைன்னு கவலை எதுக்கு? ராமநாதபுரம் மாவட்டத்துல பனைமரத்துக்குப் பஞ்சமா? சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டியை நுணுக்கி, கொஞ்சம் தண்ணி விட்டுக் காய்ச்சி வடிகட்டுங்க. அந்தப் பாகோட ஒரு ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து வாஃபிள் மேல ஊத்திப் பாருங்க. ஜாம் எல்லாம் க்யூவுல நிக்கணும்!

வாஃபிள் வித்து டூர் போகலாம்

காலேஜ் மக்கள் கவனிக்க வேண்டிய மேட்டர் இதுதான். நார்வேல மாணவர்கள் டூருக்குப் பணம் சேர்க்கணும்னா வாஃபிள் போட்டு விப்பாங்க. விளையாட்டு மைதானத்துல கிளப் செலவுக்கு அம்மா அப்பாக்கள் வாஃபிள் ஊத்துவாங்க. ஊர் கூடிச் சம்பளம் வாங்காம வேலை பார்க்கிறதுக்கு 'டுக்னாட்'னு ஒரு பேரே வெச்சிருக்காங்க. 1864-ல ஆரம்பிச்ச நார்வே மாலுமிகள் திருச்சபை, வெளிநாட்டுத் துறைமுகங்கள்ல தங்கள் ஊர்க் கப்பல்காரங்களைக் கவனிச்சுக்கிட்ட அமைப்பு. அங்கேயும் கதவைத் திறந்தா வாஃபிள் வாசம்தான். வீட்டை விட்டுக் கடல்ல கிடக்கிறவனுக்கு அந்த ஒரு துண்டுல ஊர் ஞாபகம் வந்துடும். இதைக் கடற்கரைக்காரங்க நமக்கு விளக்கவா வேணும்?

நம்ம கல்ச்சுரல்ஸ்லயும் ஒரு ஸ்டால் போடலாம். இதய மெஷின் கிடைச்சா அஞ்சு வாஃபிளுக்கு 25 இதயம். வாங்கின சாமான் பில்லைக் கூட்டி 25-ஆல வகுத்தா ஒரு இதயத்தோட அடக்கவிலை கையில. கேஸ், பேப்பர் பிளேட் செலவைச் சேர்த்து, அதுக்கு மேல கொஞ்சம் வெச்சு வித்தா, ஃபீஸ் கட்டத் திணறுற கிளாஸ்மேட் யாருக்காவது அந்தப் பணம் உதவும். ஸ்பான்சர் தேடி அலைய வேண்டாம், பேனரும் வேண்டாம்.

கஃபேல தனியா உக்காந்து, போட்டோ எடுத்துச் சாப்பிட்டா அது வெறும் பில்லு. நாலு பேர் சேர்ந்து ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள பிச்சு அடிச்சுக்கிட்டாத்தான் வாஃபிள். மாவு அரை மணி நேரம் ஊறணும். ஃப்ரெண்ட்ஸுக்கு போன் போட அந்த டைம் போதாதா என்ன?