இழுத்தால் வரும், விட்டால் போகும்

கோவை கணபதியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் என் பட்டறை. பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கை சும்மா இருக்க மறுக்கிறது. பத்துக்குப் பதினைந்து அடி இடத்தில் ஒரு பெஞ்ச், வைஸ், டிரில்லிங் மெஷின், பலகை அறுக்கும் சர்க்குலர் சா. இந்த நெருக்கடியில் எக்ஸ்டென்ஷன் ஒயரும் ஏர் ஹோஸும் தரையில் கிடந்தால் என்ன பாடு என்று பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுக்கும்போது ஒரு கண் பலகையில், ஒரு கண் காலடியில். அதனால் இரண்டையும் மேலே ஏற்றிவிட்டேன். தானே சுருட்டிக்கொள்ளும் ரீல்கள்.

கார் சர்வீஸ் சென்டர்களில் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்குமே, அதுதான். ஹோஸைப் பிடித்து இழுத்தால் நீண்டு வரும். வேலை முடிந்து லேசாக ஒரு இழுப்பு இழுத்து விட்டால் உள்ளே போய்விடும். டிரம்மின் பக்கவாட்டில் ஒரு தட்டையான எஃகுப் பட்டைச் சுருள் இருக்கிறது. நாம் இழுக்க இழுக்க அது இறுகுகிறது. விடும்போது அந்த இறுக்கம்தான் ஹோஸைத் திரும்பச் சுற்றுகிறது. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. காரின் சீட் பெல்ட்டைப் பின்னுக்கு இழுப்பதும் இதே வகை ஸ்பிரிங்தான்.

நடுவில் நிறுத்தி வைப்பதற்குப் பல்லும் கொக்கியும் உண்டு. புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மெதுவாக இழுத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிரம் சுற்றுகையில் சிறிது தூரம் 'டக் டக் டக்' என்று சத்தம் வரும், பிறகு சிறிது தூரம் சத்தமே இருக்காது, மறுபடி டக் டக். சத்தம் வரும்போது கையைத் தளர்த்தினால் கொக்கி பல்லில் விழுந்து அங்கேயே நிற்கும். சத்தமில்லாத இடத்தில் தளர்த்தினால் ஓடிவிடும். இது பிடிபடாமல், ரீல் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

ஓட விடும்போது முனையைக் கையில் பிடித்தபடியே கூட நடந்து போக வேண்டும். பாதியில் கையை விட்டால், முனையில் இருக்கும் பித்தளைக் கப்ளர் சாட்டையைப் போல வீசிக்கொண்டு வரும். என் பேரன் இதை ஒரு விளையாட்டாகவே கண்டுபிடித்தான். "தாத்தா, இங்க பாருங்க" என்று அவன் சொல்லும்போதே நான் ஓட வேண்டியிருந்தது. ஹோஸில் மாட்டியிருக்கும் ரப்பர் பந்தை அதன் பிறகு இறக்கி வைத்தேன். எவ்வளவு ஹோஸ் வெளியே தொங்கி நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பந்துதான். தையல் மெஷினில் சேரும் பஞ்சை ஊதித் தள்ள வீட்டுக்காரம்மாவும் இதைத்தான் எடுக்கிறார், அவர் கைக்கும் எட்ட வேண்டும்.

ஒரே ஒரு ரீல் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? யோசிக்காமல் சொல்வேன்: காற்றுக்கு. கரண்டுக்கு முதலில் சுவரில் பிளக் பாயிண்ட்களைக் கூட்டுங்கள். நடு அறைக்கு மட்டும் ரீல் போதும். நிறைய வீட்டுப் பட்டறைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டி, கம்ப்ரசரை வேலை நடக்கும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நீண்ட மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழும். வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் மோட்டாரின் இழுவை ஏறக்குறைய இருபது சதவீதம் போய்விடும். முனகிக்கொண்டே நின்று சூடாகும். கம்ப்ரசர் நின்ற இடத்தில் நிற்கட்டும், பதினைந்து ஆம்ப்ஸ் பாயிண்ட்டில் நேராகச் சொருகியபடி. நீள வேண்டியது ஹோஸ்தான். எனக்கு 15 மீட்டர் ஹோஸ் வாசல் வரை வருகிறது, ஸ்கூட்டர் டயருக்கு அங்கேயே காற்றடிக்கிறேன்.

கோவைக்காரனுக்குக் கம்ப்ரசர் உள்ளூர்ச் சரக்கு. எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் 1960-ல் இங்கே தொடங்கப்பட்டதே அதற்குத்தான். கம்ப்ரசர் பற்றி டீக்கடையில்கூட ஆலோசனை கிடைக்கும். ஆனால் ஹோஸின் துவாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து எம்.எம். ஹோஸ் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது வெளி விட்டமாக இருக்கும். உள்ளே பார்த்தால் ஆறரைதான். காற்று ஓடும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, உள்விட்டத்தின் ஐந்தாவது அடுக்குக்கு ஏறக்குறையத் தலைகீழாக மாறும். கணக்குப் போட்டால், ஆறரையிலிருந்து எட்டு எம்.எம்.முக்குப் போனாலே இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. டயருக்குக் காற்றடிக்கவும் தூசு ஊதவும் ஆறரை போதும். நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் கேட்பது 90 பி.எஸ்.ஐ.; அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. மெல்லிய ஹோஸில் கேஜ் 90 காட்டும், டிரிகரை அழுத்தியதும் விழுந்துவிடும். ரெஞ்ச் மட்டமான சரக்கு என்று அதைத் திட்டுவோம்.

பெஞ்சும் கம்ப்ரசரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ரீலே வேண்டாம். பஞ்சர் கடையில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு தொங்கும் ஹோஸ் போதும், விலையும் சொற்பம்.

சுற்றும் டிரம்மும் அசையாத குழாயும் சேரும் இடத்தில் ஒரு சுழல் இணைப்பு இருக்கும், உள்ளே ஓ-ரிங். கசிவு முதலில் தொடங்குவது அங்கேதான். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ரீலுக்கு முன்னால் ஒரு பால் வால்வு வைத்து ராத்திரியில் மூடிவிடுங்கள். கம்ப்ரசர் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் டேங்கில் காற்று குறைந்து நடுராத்திரியில் அது தானாக ஓட ஆரம்பிக்கும், தெருவே எழுந்துவிடும்.

இனி ஒயர் ரீல். கடையில் நான் முதலில் பார்ப்பது அதன் மேல் இருக்கும் ஸ்டிக்கரை. நல்ல ரீலில் இரண்டு வாட் கணக்கு இருக்கும்: முழுதும் வெளியே இழுத்திருந்தால் இவ்வளவு, சுற்றியபடி இருந்தால் இவ்வளவு. இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே இருப்பது சகஜம். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி இதற்கு ஒரு காரணம் சொன்னான்: "காயில் மாதிரி சுத்தியிருக்குதுங்ணா, அதனால கரண்ட் அதிகமா இழுக்குது." அதில்லை. ஒரே ஒயருக்குள் ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் எதிரெதிர். காந்த விளைவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். விஷயம் வெறும் சூடு. சூடு வெளியேற வழியில்லை, அவ்வளவுதான்.

0.75 சதுர எம்.எம். ஒயர், 15 மீட்டர். போக வர 30 மீட்டருக்குத் தடை முக்கால் ஓமுக்குச் சற்று மேலே. இதில் 2000 வாட் ஹாட் ஏர் கன்னை ஓட்டினால் ஒயருக்குள் மட்டுமே 60 வாட் அளவுக்குச் சூடு பிறக்கிறது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவதுபோல. சாதாரண பி.வி.சி. இன்சுலேஷன் தாங்குவது 70 டிகிரி. 1.5 சதுர எம்.எம். என்றால் சூடு பாதி. அதனால் மூன்று கோர், 1.5, அதற்குக் கீழே வேண்டாம். கனமான மெஷின் என்றால் வேலை இரண்டடியில் இருந்தாலும் முழு ஒயரையும் இழுத்துப் போட்டுவிடுங்கள். அப்படி இழுத்துப் போட்டால் தரையில் ஒயர் கிடக்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். கிடக்கும். நான் பிளக் பாயிண்ட் முதலில் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த லைனில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு உடலும் ரப்பர் ஹோஸும் உள்ள ரீல் பத்துக் கிலோவைத் தாண்டும், அதோடு நாம் இழுக்கும் இழுப்பு வேறு. தகரக் கூரையின் ஷீட்டை நம்பவே கூடாது. நான் கூரையைத் தாங்கும் ஆங்கிளில் ஒரு பட்டையை வெல்டு வைத்து அதில் போல்ட் போட்டேன். கான்கிரீட் கூரை என்றால் ஆங்கர் போல்ட். ரீல் ஆடும் என்பதால் ஜி.ஐ. பைப்பை நேராக அதில் இணைக்காமல் நடுவே ஒரு முழ ரப்பர் ஹோஸ் கொடுக்க வேண்டும்.

நாளாக நாளாக ஹோஸின் கடைசிப் பகுதி உள்ளே போக அடம் பிடிக்கும். உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஹோஸின் மேல் எண்ணெயும் மரத்தூளும் பசையாகப் படிந்திருக்கும். முழுதும் இழுத்து ஈரத்துணியால் துடைத்தாலே பாதி ரீல்கள் சரியாகிவிடும். அப்புறமும் போகவில்லை என்றால் காற்றை வெளியேற்றிவிட்டு, கொக்கி விழுந்த நிலையில், டிரம்மில் ஹோஸை ஒரு சுற்று கூடுதலாகக் கையால் சுற்றிவிடலாம். ஸ்பிரிங் இருக்கும் உறையைத் திறப்பது மட்டும் நம் வேலையல்ல. உள்ளே இறுகிக் கிடக்கும் பட்டை வெளியே பாய்ந்தால் விரலை அறுத்துவிடும். மில்லில் இருபது வருஷம் ஸ்பிரிங்கோடு பழகிய நானே அதைக் கழற்றாமல் ரீலோடு சர்வீஸுக்குக் கொடுத்துவிடுகிறேன்.