எம். சி. சுப்பிரமணியமும் நியமன ஆசனமும்

யாழ்ப்பாணத்தில் 'எம். சி.' என்றே சனங்கள் அறிந்த எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் சென்றார். வாக்குப் பெற்றல்ல, ஐக்கிய முன்னணி அரசின் நியமன உறுப்பினராக. அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் தலைவர்களுள் ஒருவர்.

பாடசாலை வாங்கில் பிள்ளையை இருக்கவிடாத, பொதுக் கிணற்றில் அள்ளவிடாத, தேநீர்க்கடையில் தனிப்பேணி நீட்டிய சமூகத்திலே அவர் அரசியலுக்கு வந்தார். தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்பதே மகாசபை விடாது கேட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் போராடவேண்டியிருந்தது. அதில் முன்னின்றது கம்யூனிஸ்டுகளின் பீக்கிங் அணி, எம். சி. மொஸ்கோ சார்பினர்.

'அரசாங்கத்தின் ஆள்' என்று அவரைச் சொல்வது சுலபம். ஊருக்கு ஊர் சிதறி, எத்தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத மக்களுக்கு வேறு வழி எது? போதிய பிரதிநிதித்துவம் இல்லாதோருக்கென்றே அன்றைய அரசியலமைப்பில் ஆறு நியமன ஆசனங்கள் வரை இருந்தன. 1972 அரசியலமைப்பு அந்த வழியை மூடியது.

பெரிய தமிழ்க் கட்சி வேட்பாளராய் நிறுத்தினால் வெல்லலாம் என்பது 1977இல் தெரிந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த த. இராசலிங்கம் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் உடுப்பிட்டியில் வென்றார். ஏனைய கூட்டணி உறுப்பினர்களைப் போல அவரும் 1983இல் ஆசனத்தை இழந்தார்.