மழைக்கு முன் வைப்பரைப் பாருங்கள்

வியாபாரப் பக்கத்தில் வாகனத்தின் வைப்பரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். சாமான் ஏற்றி இறக்க ஒரு வேனோ லொறியோ வைத்திருப்பவருக்கு இதுவும் வியாபார விடயம்தான். கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறோம், பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுகிறோம். ஆனால் பல இலட்சம் ரூபா சாமானையும் இரண்டு மூன்று உயிர்களையும் சுமந்துகொண்டு மழையில் ஓடும் வாகனத்தில் சாரதியின் கண்ணுக்குத் துணை இரண்டு துண்டு றப்பர்தான். அதைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

என் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஒக்டோபரில் ஒரு நாள் கொழும்பு புறக்கோட்டையில் துணி ஏற்றிக்கொண்டு மாவனல்லைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்தில் இடியோடு கொட்டும் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரக்காப்பொலை தாண்டியதும் பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடியது, ஆனால் துடைக்கவில்லை. சாரதியின் கண்ணுக்கு நேரே ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சம் அந்தத் தண்ணீரில் பட்டுக் கண்ணாடி முழுவதும் பரவியது. திடீரென்று தம்பி பிரேக்கை மிதித்தார். வேன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. முன்னால், இரண்டு முழத் தூரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான மனிதர். தலையில் ஒரு பொலித்தீன் பை. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நடந்து போய்விட்டார்.

அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அதற்கு மூன்று கிழமைக்கு முன் அதே தம்பி என்னிடம் சொல்லியிருந்தார்: "ஹாஜியார், வைப்பர் ரெண்டும் போய்ட்டு. மாத்தினா நல்லம்." நான் சொன்ன பதில்: "இப்ப மழையா பெய்யுது? பொறுங்க, பாப்போம்." வாகனத்தை ஓட்டுபவர் அவர், காசு கொடுப்பவன் நான். ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்து நான் பின்போட்ட வேலை அது. அன்றிரவு முழுவதும் அந்தப் பொலித்தீன் பைதான் கண்ணுக்குள் நின்றது.

வைப்பரின் கதையில் வியாபாரிகளுக்கு ஒரு சுவையான செய்தியும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்ற பெண்மணி, நியூயோர்க்கில் ட்ராம் சாரதி ஒருவர் பனியில் கண்ணாடியைத் திறந்துகொண்டு ஓட்டுவதைப் பார்த்து, உள்ளேயிருந்து கையால் இயக்கும் துடைப்பானை அமைத்து 1903 இல் காப்புரிமை பெற்றார். கனடா நிறுவனம் ஒன்று இதற்கு வியாபாரப் பெறுமதி இல்லை என்று திருப்பிவிட்டது. 1920 இல் காப்புரிமை காலாவதியானது, அவருக்கு அதனால் காசு எதுவும் கிடைக்கவில்லை. மழையில் சைக்கிள்காரர் ஒருவர் மீது காரை மோதிவிட்ட ஜோன் ஒய்ஷை என்பவர்தான் 1917 இல் பஃபலோ நகரில் ட்ரைக்கோ நிறுவனத்தைத் தொடங்கி வைப்பரை விற்றுப் பெரிய ஆளானார். அவரையும் ஒரு சைக்கிள்தான் விழிப்பூட்டியிருக்கிறது!

சரி, றப்பர் ஏன் கெடுகிறது? ஓடித் தேய்வதை விட வெயிலில் நின்று கெடுவதுதான் நம் நாட்டில் அதிகம். வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து றப்பரைக் காய வைத்து வெடிக்கச் செய்கின்றன. அதனால் "நான் வைப்பரைப் பாவிப்பதே இல்லை, புதிதாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சு சரிவராது. இன்னொரு விடயம், றப்பரின் ஓரம் கண்ணாடியில் நிமிர்ந்து நிற்பதில்லை. சாய்ந்து இழுபட்டுக்கொண்டு போகும், திரும்பும்போது மறுபக்கம் சாயும். றப்பர் இறுகிவிட்டால் அப்படிப் புரளாது. போகும்போது நன்றாகத் துடைத்து, வரும்போது "கட கட" என்று துள்ளும் வைப்பரின் நோய் பெரும்பாலும் இதுதான்.

கோடு கோடாகத் தண்ணீர் விட்டால் றப்பரின் ஓரம் கிழிந்திருக்கும், அல்லது மண் ஒட்டியிருக்கும். கண்ணாடி முழுவதும் புகைபோல் மங்கினால் குற்றம் வைப்பரில் இல்லாமலும் இருக்கலாம். லொறிகளுக்குப் பின்னால் ஓடிப் படிந்த டீசல் புகையும் எண்ணெயும், சேர்விஸில் அடித்த மெழுகுப் பொலிஷும் அப்படிச் செய்யும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சில துளி கலந்த தண்ணீரால் கண்ணாடியைக் கழுவுங்கள். றப்பரையும் ஈரத் துணியால், கறுப்பு வருவது குறையும் வரை துடையுங்கள். பாதி நோய் இதிலேயே போய்விடும். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். வேண்டாம், றப்பர் ஊதிப்போகும். காய்ந்த தூசியின் மேல் வைப்பரைப் போடுவதும் கூடாது. முதலில் தண்ணீர் அடியுங்கள். புத்தளம் பக்கம் மணலிலும் சீமெந்துத் தூசியிலும் ஓடும் வாகனங்களின் கண்ணாடியில் அரைவட்டக் கீறல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கீறலுக்கு மருந்தில்லை, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு பக்க வைப்பர் அசையாமல் கிடந்து, மோட்டார் மட்டும் ஓடும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். வைப்பர் கையின் அடியிலுள்ள நட்டு இளகியிருக்கலாம், ஒரு ஸ்பெனரால் தீரும். இரண்டும் நின்றுவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். சருகோ குச்சியோ சிக்கியிருக்கும்போது சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு மோட்டாரை எரித்துவிட வேண்டாம். உள்பக்கம் படியும் நீராவியை வைப்பர் குற்றம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்கு ஏசியை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுவதுதான் வழி.

மாற்றும்போது பழையதை அளந்துகொண்டு போங்கள். சாரதி பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் நீளம் வேறாக இருக்கலாம். கொஞ்சம் நீளமானதைப் போட்டால் கூடுதலாகத் துடைக்கும் என்று நினைத்து, இரண்டும் ஒன்றோடொன்று மோதியதைக் கண்டிருக்கிறேன். சட்டம் நல்ல நிலையில் இருந்தால் றப்பரை மட்டும் மாற்றலாம். அதன் இரு பக்கத்திலும் உள்ள மெல்லிய உலோகப் பட்டியைப் பழையதோடு எறிந்துவிடாதீர்கள், புதியதற்கு அதுதான் முதுகெலும்பு. பஞ்சிகாவத்தையில் என்றாலும் ஊர்க்கடையில் என்றாலும் பெட்டியின் பெயரைப் பார்த்து ஏமாறாமல் றப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். இறாக்கையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு விரலுக்குத் தெரிந்துவிடும். நாமும் சரக்குப் பார்த்துப் பழகியவர்கள்தானே.

கழற்றுவதில் ஓர் எச்சரிக்கை. பிளேட்டைக் கழற்றிய பின் வைப்பர் கை வெறும் இரும்பு. அதன் ஸ்பிரிங் பலமானது. தூக்கி வைத்த கை தவறி விழுந்தால் கண்ணாடி வெடிக்கும். ஓர் இடத்தில் சேர்விஸுக்கு விட்டபோது ஒரு பையன் கைதவறி அப்படிச் செய்து, என் பழைய வேனின் முழுக் கண்ணாடியும் போனது. கழற்றுவதற்கு முன் தடித்த துவாயொன்றை மடித்துக் கண்ணாடியில் விரித்துவிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் கண்ணாடிக்கு எவ்வளவு தருவார்கள் என்பதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் நம்மில் பலர் பழைய வாகனங்களைத்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய வாகனத்தில் றப்பர் மட்டுமல்ல, கையின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். புதுப் பிளேட் போட்டும் வேகமாக ஓடும்போது கண்ணாடியை விட்டு எழும்பினால் கராஜ் பாஸிடம் அதைக் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? கொழும்பு, களுத்துறை, காலி, கேகாலைப் பக்கத்தவர்கள் தென்மேல் பருவ மழைக்கு முன் ஏப்ரலில் ஒருமுறை, ஒக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை பார்ப்பது நல்லது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுச் சகோதரர்களுக்குப் பெரிய மழை வருட இறுதியில். அதற்கு முன்னான நீண்ட வெயிலில் றப்பர் காய்ந்திருக்கும், எனவே செப்டெம்பரில் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் வேனில் இப்போது ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. ஒயில் மாற்றிய திகதிக்குக் கீழே வைப்பர் மாற்றிய திகதியையும் தம்பி எழுதுகிறார். மாற்றுவதற்கு என்னிடம் கேட்பதில்லை. பில்லை மட்டும் காசாளரிடம் கொடுத்துவிடுவார்.