அலுமாரியின் முதுகுக்கும் காற்று வேணும்

அடைமழை விட்டு மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்தால் முகத்தில் அடிப்பது பூஞ்சண மணம். பொத்திப் பொத்தி வைத்த கூறைச்சேலையின் மடிப்பில் சாம்பல் புள்ளிகள். அதன் கீழே காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இனி ஒருபோதும் எடுக்க முடியாத ஆட்களின் படங்கள். இடம்பெயர்ந்து திரிந்த வன்னிச் சனத்துக்கு அலுமாரி உடுப்பு வைக்கிற இடம் மட்டும் இல்லை.

ஈரம் வரும் வழி

வன்னி உலர்வலயம்தான். ஆனால் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிடும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அப்படி நனைந்த சுவர், வெள்ளம் வடிந்தும் கிழமைக்கணக்கில் காயாது.

வெள்ளமே வராத வீட்டுக்கும் ஈரம் வரும். அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு சரியில்லையென்றால் நிலத்து ஈரம் சீமெந்துக் கல்லுக்குள் மெல்ல மெல்ல ஏறும். யன்னல் சாத்திய அறையில் நாலு பேர் படுத்தால், மூச்சின் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் படியும். அந்தச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைத்தால் சுவர் காய வழியே இல்லை. பின்பலகை ஈரத்தைக் குடித்து ஊதும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே நாம் காண்பது பிந்திய காட்சி.

எந்த ஈரம் என்று அறிய ஒரு வழி உண்டு. உள்ளங்கை அகலப் பொலித்தீன் துண்டொன்றை நாற்புறமும் ரேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. மேசனைக் கூப்பிட வேண்டும். அறைப் பக்கம் துளிர்த்தால் காற்றோட்டம்தான் மருந்து.

நெஞ்சுக்குள் போவது

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போகும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் இழுப்பும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டியே வெளியிட்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் படுக்க விடாதீர்கள். இருமல் இரண்டு கிழமை தாண்டினால் பூஞ்சணம்தான் என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். காசநோயும் அப்படித்தான் தொடங்கும்.

செய்ய வேண்டியது

அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் வையுங்கள். கூடுமானால் உட்சுவருக்கு மாற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்த உடுப்பை ஒருநாளும் உள்ளே வைக்காதீர்கள். மாரியில் நடக்கும் பெரிய பிழை இதுதான். வெயில் கண்ட நாளில் கதவுகளை அகலத் திறந்து விடுங்கள்.

பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் வித்து அறை முழுக்கப் பறக்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் பெயின்ற் அடித்து மறைப்பது வீண்.

நப்தலின் உருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தைத் தடுக்காது. ஜீ6பிடி (G6PD) என்ற நொதியின் குறைபாட்டோடு பிறந்த சிசுவுக்கு அந்த மணமேறிய துணி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சட்காமாலையைக் கொண்டுவரக்கூடும். பிள்ளைத் துணிக்குள் அதை வைக்கவே வேண்டாம்.

உறுதியையும் சான்றிதழ்களையும் நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம், முகமே உரிந்து வந்துவிடும். பிரியாமல் இருக்கும் படங்களையெல்லாம் இன்றைக்கே கைபேசியில் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.