யானைக்கால் நோய் ஒட்டுண்ணியைக் கண்டறியும் ஆய்வக முறைகள்

முன்னுரை

மனித உடலில் வாழும் ஒட்டுண்ணிகள் அனைத்தையும் கண்டறியப் பொதுவான ஆய்வக முறை என ஒன்றில்லை. குடற்புழுவின் முட்டை மலத்தில் தேடப்படுகிறது. மலேரியா ஒட்டுண்ணி குருதிச் சிவப்பணுவில் தேடப்படுகிறது. ஓர் ஒட்டுண்ணி தன் வாழ்க்கைச் சுழற்சியின் எந்நிலையில், உடலின் எவ்விடத்தில், எந்நேரத்தில் இருக்கிறது என்பதே அதற்குரிய சோதனையை முடிவு செய்கிறது. யானைக்கால் நோய் இதற்குத் தக்க சான்றாகும். இந்நோயின் பெயரே ஆய்வாளரைத் திசைதிருப்பக் கூடியது. கால் பெருத்து நிற்கும் நோயாளியின் குருதியில் பெரும்பாலும் புழு கிடைப்பதில்லை. எவ்வித அறிகுறியுமின்றி நடமாடும் ஒருவரின் குருதியிலோ அது மிகுந்திருக்கலாம். நோயைப் பரப்புபவர் இவ்விரண்டாமவரே. ஆதலால் கண்ணுக்குத் தெரியாத இவரைக் கண்டுபிடிப்பதே ஆய்வகத்தின் முதன்மைப் பணியாகிறது.

இரவுக் குருதி

இந்தியாவில் இந்நோய்க்குப் பெரும்பான்மையும் காரணமாவது வூச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் உருளைப்புழு. முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. பெண்புழு 8 முதல் 10 செ.மீ. வரை நீளமுடையது, எனினும் உடலின் உள்ளே இருப்பதால் அதனை எளிதில் எடுத்துக் காண இயலாது. அது ஈனும் மைக்ரோபைலேரியா எனப்படும் இளம்புழுக்களே குருதியில் கலந்து சுற்றுகின்றன. 1863இல் தெமார்க்கே என்பவர் பாரிசில் விரைவீக்க நீரிலும், 1866இல் வூச்சரர் பிரேசிலில் சிறுநீரிலும் இவற்றைக் கண்டனர். குருதியில் இவை உள்ளன என்பதை 1872இல் கல்கத்தாவில் டிமத்தி லூயிஸ் கண்டறிந்தார். முதிர்ந்த புழுவை 1876இல் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் கண்டார்.

சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், இப்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டார். இளம்புழுக்கள் பகலில் குருதியில் அரிதாகவும் இரவில் மிகுதியாகவும் காணப்படுவதும் அவர் ஆய்வினால் தெளிவாயிற்று. பகலில் இவை நுரையீரலின் நுண்குழல்களில் தங்கியிருந்து, இரவில் வெளிக்குருதிக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவின் பழக்கத்தோடு இது பொருந்துகிறது. எனவே குருதி எடுக்க உகந்த நேரம் இரவு 10 மணி முதல் 2 மணி வரை ஆகும். ஒருவரது உறங்கும் நேரம் தலைகீழாக மாறினால் புழுவின் நேரமும் நாளடைவில் மாறிவிடுகிறது. ஆகவே, நெடுநாள் இரவுப்பணி செய்பவருக்கு ‘புழு இல்லை’ என வரும் முடிவை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும்.

விரல்நுனியிலிருந்து எடுத்த 20 மைக்ரோலிட்டர் குருதி கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சாகப் பரப்பப்படுகிறது. உலர்ந்தபின் அதனை நீரிலிட்டுச் சிவப்பணுக்களின் நிறமியை நீக்கி, ஜீம்சா முதலிய சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காண்பர். செலவு குறைந்த முறை இது. ஆயினும் ஊர் உறங்கும் வேளையில் வீடுதோறும் சென்று, உறங்குவோரை எழுப்பி விரலில் குத்தும் பணியை மக்களும் விரும்புவதில்லை, பணியாளரும் விரும்புவதில்லை. பாடநூல்கள் இத்தடையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

டைஎத்தில்கார்பமசின் மருந்தைச் சிறு அளவில் உட்கொள்ளச் செய்து, ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் பகலிலேயே குருதி எடுக்கும் முறையும் உண்டு. ஆற்றுக்குருட்டு நோயும் லோவா லோவா புழுவும் உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் இது கடும் எதிர்விளைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதால் அங்குத் தவிர்க்கப்படுகிறது.

வால்நுனியும் உறையும்

புழு உண்டு என்பது மட்டும் போதாது; எந்த இனம் என்பதும் தெரிய வேண்டும். வூச்சரேரியாவின் இளம்புழுவில் உட்கருக்கள் தனித்தனியே தெளிவாகத் தெரியும். வால்நுனியில் உட்கரு இராது. புருகியா மலாயி இனத்திலோ உட்கருக்கள் நெருங்கிக் கிடக்கும். வால்நுனியில் ஒன்றையொன்று விலகிய இரண்டு உட்கருக்கள் இருக்கும். இரண்டிற்கும் மெல்லிய உறை உண்டு. ஜீம்சா சாயத்தில் புருகியாவின் உறை இளஞ்சிவப்பாகத் தெரியும்; வூச்சரேரியாவின் உறை சாயமேற்காது. புருகியாவைப் பரப்பும் மான்சோனியா கொசு, ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றி வளர்வது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதி இதற்குப் பேர்பெற்றது. இனம் மாறினால் கொசு ஒழிப்புக்குச் செல்ல வேண்டிய இடமும் சாக்கடையிலிருந்து குளத்திற்கு மாறுகிறது. ஒரு வால்நுனியைக் கூர்ந்து பார்ப்பதன் பயன் இத்துணை பெரிது.

பூச்சு தவறவிடும் அளவு

பூச்சு முறையின் குறை எளிய கணக்கில் புலப்படும். ஒருவரின் 1 மி.லி. குருதியில் 10 இளம்புழுக்கள் இருப்பதாகக் கொள்வோமாயின், 20 மைக்ரோலிட்டரில் சராசரியாக 0.2 புழுவே இருக்கும். அப்பூச்சில் ஒரு புழுவேனும் அகப்படும் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு. 60 மைக்ரோலிட்டர் எடுத்தால் அது 45 விழுக்காடாகும். முழு 1 மி.லி. குருதியையும் ஆராய்ந்தால் புழு தப்புவது அரிது. இதன்பொருட்டே 1 மி.லி. குருதியை 2 விழுக்காடு ஃபார்மலினுடன் கலந்து மையவிலக்கியில் சுழற்றி வண்டலைக் காணும் நாட் முறையும், நுண்துளைச் சவ்வின் வழியே வடிகட்டும் முறையும் வந்தன. கூட்டு மருந்து வழங்கலுக்குப்பின் புழுச்செறிவு குறையும்போது, பூச்சில் தவறவிடப்படுவோரின் பங்கு கூடிக்கொண்டே செல்லும். நோய் ஒழிந்ததா என வினவும் கட்டத்தில் இம்முறையின் உணர்திறன் மிகக் குறைந்து நிற்கிறது.

எதிர்ப்பொருள் தூண்டிச் சோதனை

முதிர்ந்த வூச்சரேரியா வெளியிடும் எதிர்ப்பொருள் தூண்டி பகலிலும் இரவிலும் குருதியில் இருக்கும். அதனைப் பற்றும் ஒருமூல எதிர்ப்பொருள்களைக் கொண்டு அமைந்த அட்டைச் சோதனை 1990களில் வந்தது. பின்னர் 75 மைக்ரோலிட்டர் குருதி போதுமான சோதனைப் பட்டை அதன் இடத்தைப் பெற்றது. முடிவைப் 10 நிமிடத்தில் படித்துவிட வேண்டும். காலந்தாழ்த்திப் படித்தால் இல்லாத கோடு தோன்றிப் பிழையான முடிவு தரும்.

குருதியில் இளம்புழுக்கள் மறைந்த பின்னும் இத்தூண்டி நெடுநாள் எஞ்சியிருப்பதால், சிகிச்சை பெற்ற முதியவரிடம் கோடு தோன்றுவது நோய் இன்றும் பரவுகிறது என்பதற்குச் சான்றாகாது. ஆதலால் பரவல் மதிப்பீட்டில் 6, 7 வயதுக் குழந்தைகள் சோதிக்கப்படுகின்றனர். மருந்து வழங்கல் தொடங்கிய காலத்தை ஒட்டிப் பிறந்த இவர்களிடம் கோடு தோன்றினால், தொற்று அண்மையில் நேர்ந்தது என உறுதியாகக் கருதலாம். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் பகுதிகளில் இவ்விகிதம் 2 விழுக்காட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. ஒரு மாவட்டத்தில் மருந்து வழங்கலை நிறுத்தலாமா என்பது இதனைச் சார்ந்தது.

மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா மிகுந்தவரிடமும் இப்பட்டையில் கோடு தோன்றுவதுண்டு. இதற்கு நேர்மாறாக, புருகியா தொற்றை இப்பட்டை காட்டுவதேயில்லை. புருகியாவிற்கு உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஜி.4 வகை எதிர்ப்பொருளைத் தேடும் வேறு சோதனை வேண்டும். மரபணுவில் மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை இரண்டு இனங்களையும் பிரித்தறியும். பிடிக்கப்பட்ட கொசுக்களைத் தொகுத்து அவற்றில் ஒட்டுண்ணியின் மரபணுப்பொருளைத் தேடவும் அது பயன்படுகிறது. மனிதரின் விரலைக் குத்தாமலே ஓர் ஊரின் நிலையை அறிய இது வழிசெய்கிறது.

இலங்கையின் பட்டறிவு

இலங்கையில் 1947இல் தொடங்கப்பட்ட யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் இரவுக் குருதி ஆய்வை நெடுங்காலம் நடத்தி வந்தது. அங்குப் புருகியா தொற்று 1960களின் இறுதியிலேயே மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 2016இல், பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோய் ஒழிந்ததாக அந்நாட்டுக்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏற்பும் கிடைத்தது. எனினும் 2006 முதலே புருகியா தொற்றுடையோர் மீண்டும் அறியப்பட்டு வந்தனர். நாய், பூனை ஆகியவற்றின் குருதியிலும் அப்புழு காணப்பட்டதால், விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகையாக இது இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். வூச்சரேரியாவிற்கென அமைந்த பட்டையை மட்டும் நம்பியிருந்தால் இவர்களில் ஒருவரும் வெளிப்பட்டிருக்க மாட்டார். இவர்களைக் காட்டியது சாயமேற்றிய குருதிப் பூச்சு. இனத்தை உறுதிசெய்தது பி.சி.ஆர்.