குறைவில் பிறந்த உயிர்ப்புப் பாடல்

உயிர்ப்புப் பெருவிழா என்றதும் நிறைந்த ஆலயத்தையும் பெரும் பாடகர் குழுவையுமே நாம் எண்ணுகிறோம். ஆனால், பாஸ்கா காலத்தில் அங்கிலிக்கன் பேராலயங்கள் இன்றும் விரும்பிப் பாடும் பாடலொன்று, பாடுவோர் இல்லாத குறையிலேயே பிறந்தது.

1832ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் பேராலயத்தில் ஆர்கன் இசைஞராகப் பொறுப்பேற்றவர் சாமுவேல் செபஸ்தியான் வெஸ்லி (1810–1876). புகழ்பெற்ற பாடலாசிரியர் சார்ல்ஸ் வெஸ்லியின் பேரன் இவர். உயிர்ப்பு ஞாயிறுக்கென ஒரு பாடலை அமைத்துத் தருமாறு பேராலயத் தலைமைக் குரு ஒருமுறை அவரைக் கேட்டார். அன்று பாடுவதற்கு இருந்தோர் சிறுவர்களும், அடிக்குரலில் பாடும் ஒரேயோர் ஆணுமே. அவரும் தலைமைக் குருவின் இல்லப் பணியாளர் என்பர். வெஸ்லி குறையைக் கூறித் தட்டிக்கழிக்கவில்லை. இருந்த குரல்களுக்கு ஏற்பவே இசையமைத்தார்.

புனித பேதுருவின் முதல் திருமுகம், முதலாம் அதிகாரமே பாடலின் பொருள். இறுதியை நெருங்குகையில், மானிட வாழ்வு புல்லைப்போல் வாடுவதை அடிக்குரல் மட்டும் தாழ்ந்து பாடுகிறது. திடீரென ஆர்கன் பேரொலி எழுப்ப, எல்லாக் குரல்களும் இணைந்து ஆண்டவருடைய வார்த்தையின் நிலைபேற்றை முழங்குகின்றன. சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்துசெல்லும் பாஸ்கா மறைபொருளை அக்கணத்தில் நம் செவியே உணர்கிறது.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் பாடுவோர் சிலராகவே இருக்கலாம். உங்கள் இல்லத்து மாலைச் செபத்திலும் சில குரல்கள் இல்லாதிருக்கலாம். இருக்கும் குரல்களோடு தொடங்குங்கள். வெறுமையான கல்லறையிலிருந்து உயிர்ப்பின் செய்தியை முதன்முதல் சுமந்து சென்றவர்களும் ஒருசில பெண்கள் அல்லரோ?