மண்டையோடு பதித்த அணிகலன்கள்

நகை என்றதும் நம் மனக்கண்முன் வருவன பூவும் கொடியும், மயிலும் மாங்காயும். சவப்பெட்டியைப் பதக்கமாகக் கழுத்தில் தொங்கவிட யாரேனும் விரும்புவார்களா? விரும்பியிருக்கிறார்கள்! இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படியொரு பதக்கம் இருக்கிறது. 1540-க்கும் 1550-க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. டெவன் மாவட்டத்தில் டோர் மடம் இருந்த இடத்தில் கிடைத்ததால் 'டோர் மடத்து நகை' என்று பெயர் பெற்றது. விரல் நீளமே உள்ள அந்தப் பொற்பேழையின் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை எனாமல் பூசிய எலும்புக்கூடு ஒன்று படுத்திருக்கிறது. பேழையின் மேலேயோ, கிறிஸ்துவின் உயிர்ப்பினால் நாம் அனைவரும் புனிதமாக்கப்படுகிறோம் என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. அதை வாசித்தபின் எலும்புக்கூட்டைக் கண்டு நமக்கு அவ்வளவு அச்சம் உண்டாவதில்லை.

'மெமென்டோ மோரி' என்பது இலத்தீன் மொழி. 'நீ இறப்பாய் என்பதை நினைவில் கொள்' என்று பொருள். திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பல் பூசும்போது குருவானவர் நினைவூட்டுவதும் இதைத்தானே? அக்கால ஐரோப்பியர் இந்நினைவைப் பொன்னிலும் தந்தத்திலும் செதுக்கி அணிந்துகொண்டனர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த தந்தச் செபமாலை மணிகள் சிலவற்றில் ஒருபுறம் அழகிய பெண்முகம், மறுபுறம் மண்டையோடு. செபிக்கும்போது விரல்களுக்கிடையே மணி திரும்பத் திரும்ப இரண்டு முகங்களும் மாறி மாறி வரும். கண்ணாடிமுன் நெடுநேரம் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்ததோ என்னவோ!

பின்னர் இறந்தவரின் நினைவாக மோதிரம் அணிவது பெருவழக்காயிற்று. நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிய உயிலில், தம்முடன் நடித்த மூவருக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கினார். 18-ஆம் நூற்றாண்டு மோதிரங்களில் இறந்தவரின் பெயரும் வயதும் இறந்த நாளும் பொறித்தார்கள். பொதுவாகக் கறுப்பு எனாமல். மணமாகாதவர் இறந்தால் வெள்ளை. கண்ணீருக்கு அடையாளமாகச் சிறு முத்துக்கள் பதிப்பதும் உண்டு. மண்டையோடு மெல்ல மெல்ல மறைந்தது. 'நீயும் இறப்பாய்' என்று அணிபவரிடம் சொன்ன நகை, 'இவரை மறவாதே' என்று சொல்லத் தொடங்கிற்று. துயருக்கு ஆறுதல் தருவது பின்னதே. ஆனால் நம்மை நாமே எண்ணிப் பார்க்கச் செய்வது முன்னதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1861 டிசம்பர் 14-இல் கணவர் ஆல்பர்ட் இளவரசரை இழந்த விக்டோரியா மகாராணி, 1901-இல் தாம் இறக்கும்வரை கறுப்பே உடுத்தினார். அரசியைப் பார்த்து நாடே கறுப்பு நகையை நாடியது. விட்பி என்ற கடற்கரை ஊரில் கிடைக்கும் 'ஜெட்' அதற்கு வெகு பொருத்தம். பார்வைக்குக் கல், உண்மையில் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட மரம். கனமே இல்லாததால் எவ்வளவு பெரிய மாலையும் கழுத்தை அழுத்தாது.

இறந்தவரின் தலைமுடியைப் பின்னிக் கண்ணாடிக்குள் வைத்த பதக்கங்களும் அந்நாளில் ஏராளம். நமக்கு இது அருவருப்பாகப் படலாம். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு, அதன் உடலிலிருந்து கெடாமல் காத்துவைக்கக் கூடியது அந்த ஒரு கற்றை முடிதானே! அத்தகைய பதக்கங்கள் பல இன்றும் இருக்கின்றன. முடியின் நிறம் மங்கவில்லை. யாருடைய முடி என்று சொல்லத்தான், பலவற்றுக்கு இப்போது ஆளில்லை.